வரப்பில்லாத சுடர்

தையல்நாயகியின் சுடர் இன்றைக்கும் இரண்டு சாண் எரிந்தது. செங்கமலத்தினுடையது ஒரு சாணைத் தாண்டவில்லை.

தாழங்கொல்லையில் வயலுக்கு வயல் ஓர் இரும்புத் தண்டு நின்றது. அதன் நுனியில் எரிவது பங்குச்சுடர். நிலத்தடியில் எவ்வளவு எரிவாயு கிடக்கிறதோ அவ்வளவு உயரம். டெல்டாவின் பேருந்தும் ஆஸ்பத்திரியும் அந்த வாயுவில்தான் ஓடின. யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாமல் ஊர்கள் அடித்துக்கொண்டதால், ஒளிவுமறைவு கூடாதென்று வாயு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி இது. அதன் பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையுமுன் வயலைப் பார்த்தார்கள்.

செங்கமலமும் தையல்நாயகியும் ஓரகத்திகள். அவர்களைக் கட்டிய அண்ணன், தம்பி இருவருமே இப்போது இல்லை. பாகம் பிரித்த நாளில் வாய்க்கால் பக்கத்து நிலம்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது செங்கமலம். மூத்தவள் கேட்டாள், கொடுத்தார்கள். தையல்நாயகிக்குத் தள்ளிவிட்ட மேட்டுநிலத்தின் அடியில் வாயு கொழுத்துக் கிடக்குமென்று யாருக்குத் தெரியும்? அந்த எரிச்சலைச் செங்கமலம் தன் கணவர் கண் மூடும்வரை அவரிடம் காட்டினாள். அவர் போன பிறகு காட்ட ஆளில்லை. சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணையம் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. வான்கண் என்ற பறக்கும் பொறி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து வரப்பைப் படம் பிடிக்கும். வரப்பின் நடுக்கோடுதான் எல்லை. இதைக் கேள்விப்பட்ட அன்றே செங்கமலம் மண்வெட்டியைத் தேடினாள். ஊர் சாப்பிட்டுப் படுக்கும் உச்சிவேளையில், தன் பக்கத்து வரப்பை விரற்கடை அளவு செதுக்கி அரக்கினாள். இந்தப் பக்கம் தேய்ந்தால் நடுக்கோடு அந்தப் பக்கம் நகரும். அடுத்த முறை வான்கண் வந்து போனதும் அவள் சுடர் ஒரு நெல்மணி உயரம் கூடியது. அன்றுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மூன்றாம் ஆண்டில் சுடர் ஏறுவது நின்றுபோனது. எவ்வளவு அரக்கியும் அசையவில்லை. வரப்பில் கால் வைக்க இடமில்லாமல் போனதுதான் மிச்சம். ஐப்பசி மழை அதையும் கரைத்தது. மறுவாரம் வான்கண் வந்து போயிற்று.

ஆணைய அலுவலர் நிலவன் இரண்டு தண்டுகளையும் பிடுங்கி, நடுவில் ஒன்றை நட்டார். வரப்பில்லாத நிலம் விதிப்படி ஒரே நிலம். இனி எதற்கும் இருவரும் சேர்ந்து கைரேகை வைக்க வேண்டும். வாயு தீரும்வரை புது வரப்புப் போடக் கூடாது என்றார்.

"மழையில கரைஞ்சுது சார்," என்றாள் செங்கமலம்.

"போன படத்துல ரெண்டு பக்கமும் மண்வெட்டித் தடம் இருக்கேம்மா."

ரெண்டு பக்கமுமா? செங்கமலம் திரும்பினாள்.

"ஏண்டி, நீயுமா?"

"நீங்க மத்தியானம் வெட்டுனீங்க. நான் நீங்க கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து வெட்டுனேன், அக்கா."

"ஒனக்குத்தான் ரெண்டு சாண் எரிஞ்சுதே. ஒனக்கென்னடி கொறச்சல்?"

"ஒங்களது ஏறிக்கிட்டே வந்துச்சே."

புதுச்சுடர் மூன்று சாண் எழுந்தது. ஊரிலேயே உயரம் அதுதான். வேலியோரம் நின்று பார்த்தவர்களின் முகம் சுருங்கியதைச் செங்கமலம் கவனிக்கவில்லை. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. சுடர் தெற்கே, தையல்நாயகியின் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது.

தென்றல் திரும்ப இன்னும் எத்தனை மாதம் என்று செங்கமலம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.