ஒட்டுத் தெரியாத கதவு

எர்மெஸ் சுத்தியலை இறக்கியதும் கதவு தப்பான குரலில் பதில் சொன்னது.

பின்னால் ஒன்றுமில்லாத அலுமினியத் தகட்டை அடித்தால் அது கணீரென்று அதிர்ந்து, சற்று நேரம் தனக்குத்தானே முனகி, பிறகுதான் ஓயும். உட்புறத்திலிருந்து யாராவது இரும்புக் கட்டையை அணைகொடுத்துப் பிடித்திருந்தால் மட்டுமே, வாயைப் பொத்தியதுபோல் ‘டொக்’ என்று அடங்கும். இது ‘டொக்’ என்றது. வண்டிக்குள் உட்கார்ந்து கட்டை பிடிக்க வேண்டியவள் அவன் மனைவி தெல்ஃபீனா. அவளோ எதிரே ஒரு முக்காலியில், கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுச்சா உனக்கு?”

“என்னத்தக் கேக்க? உன்னக் கட்டிக்கிட்ட அன்னிக்கே என் காது போயாச்சு. இப்பக் கேக்குறதெல்லாம் ஞாபகத்துல இருந்துதான்.”

இன்னொரு முறை அடித்தான். கணீர். சரி, தன் காதுக்கும் வயதாகிவிட்டது என்று தேற்றிக்கொண்டான். மோதெனா நகருக்கு வெளியே நவம்பரில் இறங்கும் மூடுபனி பட்டறைச் சன்னல்களில் ஈரத் துணிபோல் ஒட்டிக்கொண்டு, எதிர் வயலையும் பாப்லர் மரங்களையும் சாலையையும் விழுங்கிவிட்டிருந்தது. உள்ளே வெல்டிங் சுடரின் வாடையும், ஆரஞ்சுத் தோலின் காரமான மணமும் கலந்து நிற்க, நடுவில், கம்பிக் கூட்டை அளவாக வைத்து அவன் தகடு தகடாக அடித்து வளைத்த, ஒரு பழைய பந்தயக் காரின் புது உடம்பு, இன்னும் சாயம் காணாமல், உரித்த மீன்போல் மினுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியின் சொந்தக்காரர் டாக்டர் ஸ்பதோனி. எந்த நோயாளியின் நாடியையும் பிடித்தவர் அல்லர்; எங்கள் பக்கம் பல்கலைக்கழக வாசலுக்குள் போய் வெளியே வந்துவிட்டால் யாரும் டாக்டர்தான். குளியலறைக் குழாய்கள் செய்து செழித்தவர். கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டால் பந்தய வீரனாகிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். அந்தப் பழைய பந்தயக் கார் அவர் கைக்கு வந்தபோது அடிச்சட்டமும் இன்ஜினும்தான் மிச்சம். எரிந்து சுருண்ட உடம்பை யாரோ எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு துண்டு தப்பியிருந்தது. அதை வெல்வெட்டில் சுற்றி, புனிதர் ஒருவரின் எலும்பைக் கொண்டுவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

“மாஸ்டர், இது டிரைவர் பக்கத்துக் கதவோட துண்டு. இதப் புது உடம்புல சேத்துடுங்க. அப்பதான் நிபுணர் குழு ‘அசல்’னு ஒத்துக்கும். வண்டியோட ஆன்மாவே இதுலதான் இருக்கு.”

“ஆன்மா இருக்கோ இல்லியோ, கரி இருக்கு,” என்றாள் தெல்ஃபீனா.

ஸ்பதோனி சிரிக்கவில்லை. கொர்ராதோ மெங்கி என்ற ஓட்டுநர் அந்தக் கதவுக்குப் பின்னால் செத்ததை, வண்டியின் கூடுதல் வசதி ஒன்றை விவரிப்பதுபோல் விவரித்தார். மரத்தில் மோதியதில் கதவு நெளிந்து சிக்கிக்கொண்டது. வயலில் வேலை செய்தவர்கள் மண்வெட்டிகளோடு ஓடிவந்து வெளியிலிருந்து அடித்தார்கள். மெங்கி உள்ளிருந்து அடித்தார். தீப்பிடித்த பிறகும் வெகுநேரம் அடித்தாராம்.

“எவ்வளவு உணர்ச்சிகரமான வரலாறு, பாத்தீங்களா!” என்று பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

இப்படிப்பட்ட துண்டு வந்தால், மற்ற பட்டறைக்காரர்கள் இருக்கைக்கு அடியில் எங்காவது ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எர்மெஸுக்கு அது போதவில்லை. துண்டு அதன் பழைய இடத்திலேயே, கதவின் நட்டநடுத் தோலில் இருக்க வேண்டும்; ஒட்டிய இடம் எந்த நிபுணருக்கும் தெரியக் கூடாது. உருக்கி ஒட்டி, சூடு அடங்குமுன் தட்டி, அரம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவி, ஒட்டு என்ற ஒன்றே இல்லாமல் செய்தான். கொஞ்ச நாளில் அவனுக்கே இடம் தெரியவில்லை. ஸ்பதோனியின் பெருமையைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக்காட்டிச் சிரித்தவன், தன் பெருமையைக் கதவிலேயே காய்ச்சி ஊற்றியிருந்தான்.

புடைப்புகள் அதற்குப் பிறகுதான் வந்தன. காலையில் பட்டறையைத் திறந்தால் கதவில், உள்ளிருந்து வெளியே துருத்தியபடி, ஒரு மேடு. ஒரு நாள் முழங்கை அளவு. இன்னொரு நாள் முஷ்டி அளவு. தகட்டில் இழுவிசை தங்கிவிட்டது, குளிரில் வெளியே தள்ளுகிறது என்று அவன் விளக்கம் சொன்னான். தகடு இறுகிப்போனால் இளக்குவதற்கு இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. சோப்புக் கட்டியைத் தேய்த்துச் சுடர் காட்ட வேண்டும். சோப்பு பழுப்பானால் பதமான சூடு, நிறுத்திவிடலாம். அப்படியே செய்தான். இளக்கினான், அடித்தான், சமமாக்கினான். மறுநாள் வேறிடத்தில் எழும்பியது.

“உள்ள சுருங்குதுய்யா இது,” என்றாள் தெல்ஃபீனா, கதவு வழியாக நுழைந்தபடி. “முந்தி முட்டிய மடக்கி வசதியா உக்காந்தேன். இப்ப முட்டி மோவாய இடிக்குது.”

“நேத்து அந்தத் தோர்த்தெல்லினி சட்டியக் காலி பண்ணது யாரு? வண்டியா?”

“வாய மூடிக்கிட்டு நீ வந்து உக்காந்து பாரு, தெரியும். பெட்ரோல் நாத்தம் வேற குமட்டுது.”

பெட்ரோல் தொட்டியை அவர்கள் இன்னும் பொருத்தவே இல்லை.

ஒரு மத்தியானம் முன்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். கதவுப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்தது, அவசரமாக, சீரில்லாமல். தெல்ஃபீனா வெளுத்த முகத்தோடு வண்டிக்குள்ளிருந்து இறங்கி வந்தாள்.

“எதுக்கு இப்பிடி மூணு தடவ தட்டுற?” என்றான்.

“நானா? நீதான் வெளியேருந்து தட்டுறன்னு நெனச்சேன்.”

இருவரும் கதவை நோக்கித் திரும்பினார்கள். பிறகு அவள், தாழ்ந்த குரலில், விளையாட்டே இல்லாமல் சொன்னாள்: “அந்தத் துண்ட வெட்டி எறிஞ்சிடு, எர்மெஸ். இல்லாட்டி இனிமே நான் உள்ள போக மாட்டேன்.”

அவள் கடைக்குப் போன நேரத்தில் தகடு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு கதவின் முன் உட்கார்ந்தான். தடவினான். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். அமிலம் தொட்டுப் பார்த்தான். எங்கும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. எங்கே வெட்டுவது? முழுக் கதவையும் வெட்டினால் மறுநாள் ஸ்பதோனியும் வெள்ளைக் கையுறை நிபுணர்களும் வந்து என்ன சொல்வார்கள்? கத்தரியைச் சுவரில் திரும்ப மாட்டிவிட்டான். அவள் திரும்பி வந்து கேட்டபோது, “எடுத்துட்டேன்,” என்றான்.

தெல்ஃபீனா கதவை மேலிருந்து கீழாகத் தடவினாள். அவள் முகம் இளகியது. “வெட்டுன எடமே தெரியலையே. கைகாரன்தான்யா நீ.”

மறுநாள் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. கதவின் பூட்டு ஓரத்தில் கடைசியாக ஒரு மேடு. கதவைச் சாத்திவைத்துத்தான் அதை அடிக்க முடியும். சன்னல்களுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி முடுக்கியாகிவிட்டது. அவள் கட்டையோடு உள்ளே போய் மடங்கி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

“சீக்கிரம் முடி. டாக்டர் வர்றதுக்குள்ள நான் தல வாரணும்.”

அவன் அடித்தான். டொக். நகர்த்தி அடித்தான். டொக். கட்டை சுத்தியலைப் பிசகாமல் தொடர்ந்தது. மேடு இறங்கியது. இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் அந்தச் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது, இருவரும் ஒரே ஆளாகிவிட்டாற்போல். சுத்தியலைத் தூக்கியபடி நிறுத்தினான்.

டொக்.

அவன் அடிக்கவில்லை.

டொக். டொக். டொக்.

குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். தெல்ஃபீனா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள். கட்டை அவள் மடியில் கிடந்தது.

“வெளிய வா! தெறந்துக்கிட்டு வா!”

கைப்பிடி சுழன்றது. கதவு அசையவில்லை. அவன் இழுத்தான். காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். கண்ணாடியில் சுத்தியலை ஓங்கினான். அது ரப்பர்போல் துள்ளித் திருப்பி அனுப்பியது. மறுபக்கக் கதவு. அதுவும் அப்படியே. கூரை ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. அவன் கண்ணெதிரே இன்னும் தாழ்ந்தது.

“எர்மெஸ், சுடுது! யோவ், சுடுதுய்யா!”

உளியை வைத்து அடித்தான். வழக்கமாக ஒரே அடியில் கிழியும் தகடு. கீறல்கூட விழவில்லை. மற்றதெல்லாம் தான் செய்தது. தன் கைக்கு அடங்கும். அந்தத் துண்டு மட்டும்தான். அதை மட்டும் பெயர்த்தால் போதும். எங்கே? எங்கே வைத்தேன்? மேலேயா? பூட்டுக்குக் கீழேயா? உள்ளங்கையால் தேடினான். வழவழப்பு. தான் செய்த வழவழப்பு. கைத்தோல் பொரிந்தது. மறுபடி தேடினான்.

சோப்பு.

கட்டியைப் பிடுங்கிக் கதவு முழுக்கத் தேய்த்தான். பழையது முதலில் சுடும். அங்கே சோப்பு முதலில் பழுப்பாகும். அங்கே வெட்டலாம். அழுதுகொண்டே கத்தினான்:

“நான் எடுக்கல தெல்ஃபீனா! பொய் சொன்னேன்! கண்டுபிடிச்சிடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ!”

உள்ளே இருமல். பிறகு, மிக அருகில், தகட்டோடு வாய் வைத்துப் பேசுவதுபோல் அவள் குரல்.

“உள்ளேருந்து தெரியுது.”

“எங்க? சொல்லு, எங்க?”

“கருப்பா... கதவுல. கூரையில.” மூச்சு இழுத்தது. “எல்லாப் பக்கமும் அதுதான், எர்மெஸ்.”

சோப்பு பழுப்பானது. கதவின் நடுவில் அல்ல. ஓரத்தில் அல்ல. எல்லா இடத்திலும், ஒரே சமயத்தில். அவன் சோப்பே தடவாத முன்பக்கமும் பழுப்பானது. கூரை பழுப்பானது. வெள்ளி உடம்பு முழுக்க ஒரே காய்ந்த ரத்த நிறம்.

உள்ளே தட்டல். சீரான தட்டல் ஒன்று. அதன் மேலேயே, சீரில்லாத இன்னொன்று.

அவன் அடித்தான். பதிலுக்கு அடித்தார்கள். சுத்தியல் பிடி முறிந்தது. கையால் அடித்தான்.

அப்போது அவன் முகத்துக்கு நேரே தகடு மெல்லப் புடைத்தது. ஐந்து விரல். சின்னக் கை. விரல்கள் அகன்று வெளியே தள்ளின. எர்மெஸ் வெந்த உள்ளங்கையை அதன் மேல் பொருத்தி அழுத்தினான். விரலோடு விரல்.

அந்தக் கையின் மேல், தகட்டுக்கு அடியில், இன்னொரு கை எழுந்தது. பெரிய கை. அது சின்னக் கையை மணிக்கட்டோடு பிடித்தது. நிதானமாக உள்ளே இழுத்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. தகடு சமமாகியது. மேடில்லை, பள்ளமில்லை. அவன் உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கதவு, அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்ய முடியாத அளவுக்கு, வழவழவென்று இருந்தது.