கடல் கொள்ளையனின் இன்னொரு கண்

காலையில் கொள்ளைக்காரக் கேப்டனின் இடது கண்ணில் கருப்புத் துணி கட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது வலது கண்ணில் இருந்தது. கேப்டனாக நடித்த ரஸ்டி, சாப்பிடும்போது அதைக் கழற்றி வைத்து, திரும்ப மாற்றிக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஹாலிவுட்டில் அந்த ஸ்டுடியோவே ஆடிப்போனது. ஏனென்றால், யாரும் கவனிப்பதற்குள் பீரங்கி வெடித்து, கப்பலின் பாய்மரம் முறிந்து, தண்ணீர்த் தொட்டியில் விழும் காட்சியை எடுத்து முடித்திருந்தார்கள். தச்சர்கள் ஆறு வாரம் செய்த கப்பல் அது; மறுபடி எடுக்க வழியில்லை.

"யார் எதை எப்படிப் போட்டிருந்தாங்கன்னு எழுதி வைக்கிறதுதானே உன் வேலை?" என்று டைரக்டர் கெல்மன், உதவியாளர் ஹேசலிடம் கத்தினார். "அப்போ எங்க போயிருந்தே?"

அந்த நேரத்தில் ஹேசல், கப்பல் சமையல்காரரின் மகளாக நடிக்கும் லோர்னாவின் கிழிந்த பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து வராதே!"

லோர்னாவுக்கு ஒன்பது வயது. அவள் குறுக்கே ஓடி வந்தாள். "சார், என்னாலதான் சார். ஹேசல் மிஸ் எனக்குத்தான்..."

"நீ போய்ப் படகுல உட்காரு. கடைசிக் காட்சி."

ஹேசல் பையை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். லோர்னாவுக்கு அழுகை வந்தது. அழுதால் முகப்பூச்சு கலைந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு படகில் ஏறினாள்.

கேமரா ஓடியது. 'கேப்டன், கரை தெரியுது!' என்பதுதான் அவளுடைய வசனம். எதிரே ரஸ்டி இடது கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் லோர்னாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை.

"கேப்டன், காலையில உங்களுக்கு இந்தக் கண்ணுதானே தெரியாது?"

ரஸ்டி திருதிருவென்று விழித்தார். ஒரு நொடிதான். பிறகு துணியை மெல்லத் தூக்கி, இரண்டு கண்களாலும் அவளைப் பார்த்தார்.

"மெதுவா பேசு குட்டி. ரெண்டும் நல்லாத்தான் தெரியுது. ஒத்தக் கண்ணன்னு சொன்னாத்தான் இந்தக் கப்பல்காரனுங்க பயப்படுறானுங்க. ஆனா எது குருட்டுக் கண்ணுன்னு எனக்கே மறந்துபோகுது!"

மேலே பரணில் நின்ற விளக்குக்காரர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"கட்!" என்றார் கெல்மன். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

"கண்ணு மாறினதுக்கு இதையே காரணமா வச்சுக்கலாம். ஆனா சிரிச்ச சத்தம் பதிவாகியிருக்கும். மறுபடி எடுக்கணும்." கதவுப் பக்கம் திரும்பினார். "ஹேசல், அங்க என்ன பண்றே? இவங்க பேசினதை எழுதிக்கோ, மறந்துடப் போறாங்க. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடு."

லோர்னா எதையும் மறக்கவில்லை. இரண்டாவது முறை விளக்குக்காரர்கள் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்கள். சத்தமே இல்லை.

அந்த முறை சிரித்துக் கெடுத்தது கெல்மன்தான்.