வலது கையின் வாடை

“கையக் கழுவிட்டு வான்னு சொன்னா ஒனக்கு ஏன் கோவம் வருது?”

“கழுவாம வந்தேன்னு நீ பாத்தியா? கருவாட்டுக் கடைக்காரின்னா ஒனக்கு...”

“கடையப் பத்தி யாரு பேசுனா? வியாழக்கிழமை நீ பிடிச்ச என் கை இன்னும் நாறுது...”

“வியாழக்கிழமை நான் இங்கன வரவே இல்ல.”

“பொய் சொல்லாத பிரேமா.”

“மாதா சத்தியமா வரல. மணப்பாட்டுல ஞானஸ்நானம். வேணும்னா மாஸ்டர்ட்ட கேளு.”

ஞாயிறு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். பழைய துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கி அது. கல் தரையில் நீல ரப்பர் பாய்களை விரித்து எஸ்றா மாஸ்டர் ஐகிடோ தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்கிறார். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஜப்பானில் கற்றுக்கொண்டது. கை கழுவச் சொன்ன சண்முகவடிவு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எலும்பு முறிந்து மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வலது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை என்று இங்கே சேர்ந்தாள்.

“பிரேமா வரலதான்,” என்றார் மாஸ்டர். “ஜோடி இல்லாம நீங்க தனியா நின்னீங்க. கண்ண மூடி, கைய நீட்டி, மூச்ச மட்டும் கவனிக்கச் சொன்னேன்.”

“அப்ப என் கையப் பிடிச்சது யாரு?”

“யாரும் பிடிக்கல.”

வடிவு பாயில் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் சோறு தின்னவில்லை. பிசைந்த கவளம் உதட்டருகே வரும்போதே கை வாடையில் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம், புளி, டெட்டால், எல்லாம் தேய்த்தாகிவிட்டது. அம்மா ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பிடித்த விரல்களும் நாறின. இடது கையால் டம்ளரைத் தூக்கிப் பால் குடித்து நாளை ஓட்டினாள். சைவப் பிள்ளைக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆபீஸில் சிரித்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“இங்க கொண்டா,” என்று பிரேமா அவள் கையை இழுத்து மோந்தாள். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள்.

“ஏளா, இது மீனில்ல.”

“பெறவு?”

“சிப்பி. எங்கய்யா சங்கு குளிச்சவரு, சொல்லுவாரு. முத்தெடுக்க சிப்பியக் குவிச்சுப் போட்டு அழுக விடுவாவளாம். சதையெல்லாம் புழு தின்னு தீத்த பெறவுதான் கழுவுவாவ. அந்த வாடை.”

“சும்மா பயங்காட்டாத பிரேமா,” என்றார் மாஸ்டர். “மூணு நாளாச் சாப்பிடலன்னா மூக்கு எதையும் சொல்லும். வடிவு, எந்திரிங்க. அதே இடம். கண்ண மூடுங்க. கைய நீட்டுங்க. பயந்த எடத்துலயே நின்னு மூச்சு விட்டாப் போயிரும்.”

“ஒரு வாய் சோறு எறங்குனாப் போதும் மாஸ்டர்,” என்று எழுந்தாள் வடிவு.

கண்ணை மூடினாள். கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது. வெளியே ஒரு லாரி பின்னால் வரும் பீப் ஒலி.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

வாடை முதலில் வந்தது. தொண்டையில் கொழுப்பாகப் படிந்தது.

பிறகு கை.

பாயசத்தில் ஊறிய அப்பளம் போன்ற தோல். அதற்கடியில் விரலெலும்பு.

“பிடிச்சிருச்சு,” என்றாள்.

“பிடிக்கட்டும். இழுத்தா சண்டை. பிடிச்ச கையோடயே மெதுவாத் திரும்புங்க.”

“அது இழுக்குது மாஸ்டர். கீழ.”

“எப்படி இழுக்குது?” பிரேமாவின் குரல் தாழ்ந்திருந்தது.

“வெட்டி ஒரு இழுப்பு. நிக்குது. மறுபடி ஒரு வெட்டு.”

“அது சங்கு குளிக்கவன் கயித்து இழுப்புளா. தண்ணிக்குள்ள இருக்கவன் தூக்கச் சொல்லுதான். நீ தூக்கிராத.”

“பிரேமா, பேசாத. திரும்புங்க வடிவு. இழுக்காதீங்க.”

“வெரலுக்கு எடையில என்னமோ நெளியுது.”

“இழுக்காதீங்க.”

“புழு.”

அவள் இழுத்தாள்.

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம். ஓர் ஆள் கனம் கையோடு மேலே வந்தது. வெந்நீரில் போட்ட தக்காளியின் தோல் போல அந்தக் கையின் தோல் மொத்தமாக உரிந்து, நகங்களோடு அவள் உள்ளங்கையில் தங்கியது.

வடிவு கண்ணைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை. கை காய்ந்து கிடந்தது. மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்.

“போயிட்டு,” என்று சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. “பிரேமா, வாடை போயிட்டுளா.”

“பாத்தீங்களா, மூச்சுதான்,” என்றார் மாஸ்டர். ஆனால் அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

பிரேமா வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். “குளிக்கவன் கயித்த மச்சான்காரன் கையிலதான் குடுப்பாவ. கூடப் பொறந்தவ தாலியறுக்க விடமாட்டான்லா. தூக்குனவன்தான் கரைக்குக் கூட்டியாந்து, சோறு போட்டு, வீட்டுல விடணும். நீ தூக்கிட்டியே.”

“எனக்கே மொதல்ல சோறு வேணும்,” என்று செருப்பை மாட்டினாள் வடிவு.

தெரு முனையில் சைவ மெஸ். மதியச் சாப்பாடு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கை கழுவினாள், இலை முன் உட்கார்ந்தாள். ஆவி பறக்கும் சோற்றில் சாம்பாரை விட்டுப் பிசைந்தாள். முதல் கவளம் இறங்கியது. பருப்பு, பெருங்காயம், வேறு எதுவுமில்லை. இரண்டாவதை இன்னும் பெரிதாக உருட்டினாள்.

பரிமாறும் சுடலைக்கண்ணன் ரச வாளியோடு வந்து குனிந்தான்.

“அக்கா, ஒங்ககூட வந்தவரு கை கழுவுற எடத்துலயே நிக்காரு. கையால சாப்பிட முடியாதாம். ஸ்பூன் கேக்காரு, குடுக்கவா?”