காப்புறுதி விற்க மறுத்தவள்

இந்தக் காலத்துச் சனத்துக்கு விற்கத் தெரிந்த அளவுக்கு வெட்கப்படத் தெரியாது. மீன் வாங்க வந்தவனிடம் போன் சிம் விற்கிறார்கள். கோயிலில் செருப்பைக் கழற்றுமுன் வீடு விற்கிறார்கள். வருத்தம் வருமுன்னே அதற்குக் காப்புறுதி விற்கிறார்கள்! இதைச் சொல்லிப் புறுபுறுத்துக்கொண்டேதான் யாக்கோப்பர் அந்தச் சனிக்கிழமையும் லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேசனிலிருந்து மழையில் ஓடிவந்து, தான் மீன் வெட்டும் தமிழ்க்கடைக்குள் புகுந்தார்.

புகுந்த வேகத்தில் வாசலில் நின்ற வெள்ளைக் கோட்டு டொக்டரை இடித்து விழுத்திவிட்டார்.

“ஐயோ... சொறி டொக்டர், சொறி! நான் காணேல்லை, மன்னிக்க வேணும்!”

டொக்டர் எழும்பவில்லை. சிரித்தபடியே கிடந்தார். யாக்கோப்பருக்கு நெஞ்சு திக்கென்றது. ஆளை முடித்துவிட்டோமா?

“அது படம், அண்ணை... அட்டைப் படம்.”

ஒரு பெண்குரல். சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாத குரல். நிமிர்ந்து பார்த்தார். ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்பது போல ஒரு முகம். மற்றதெல்லாம் புகையாக இருக்க, இரண்டு கரிய கண்கள் மட்டும் மழையில் நனைந்த திராட்சை போல...

சீ! இந்த வயதில் என்ன நினைப்பு!

அவள் பெயர் தவமலர். தனியார் மருத்துவக் காப்புறுதிக் கொம்பனி ஒன்றின் முகவர். சனிக்கிழமைகளில் வாசலில் மேசை போட்டுக்கொள்ளக் கடைக்காரன் சுபாஸ்கரன் இடம் கொடுத்திருந்தான்.

யாக்கோப்பருக்கு அப்படி ஒரு காப்புறுதி அவசரமாகத் தேவைப்பட்டது. ஜெர்மனியில் இருபது வருடம் உணவகங்களில் உழைத்தவர். அங்கே காப்புறுதி அட்டையை நீட்டாமல் டொக்டரைப் பார்த்ததே இல்லை. லண்டனுக்கு வந்து எட்டு வருடமாக யாரும் அவருக்கு ஓர் அட்டை கொடுக்கவில்லை. ஆகவே அவரும் ஒரு டொக்டரிடமும் போகவில்லை. இப்போது இரண்டு கண்ணிலும் பனி மூடியது போல மங்கல். போன கிழமை கத்தி விரலைத் தொட்டுவிட்டுப் போனது. சுபாஸ்கரனுக்குத் தெரிந்தால் வேலை போகும். தனிக்கட்டை. வேலையும் போய்ப் பார்வையும் போனால்...?

“எனக்கும் ஒரு காப்புறுதிக் காட் தாங்கோ, பிள்ளை,” என்றார், குரலைத் தாழ்த்தி.

தவமலர் படிவத்தை எடுத்துக் கேள்விகளைத் தொடங்கினாள். “கண்பார்வை எப்பிடி, அண்ணை?”

“கழுகின்ரை பார்வை!”

“அப்ப, நான் போட்டிருக்கிற கம்பளிக் காடிகன் என்ன நிறம்?”

“என்ன கேள்வி இது? பச்சை.”

அவள் பேனையை மூடினாள். “நீலம், அண்ணை... உங்களுக்கு நான் விக்கமாட்டன்.”

யாக்கோப்பர் விறைத்துப்போனார். அறுபத்திரண்டு வயதில் பொய் சொல்லி விற்றவர்களைக் கண்டிருக்கிறார். ஏமாற்றி விற்றவர்களைக் கண்டிருக்கிறார். விற்கமாட்டேன் என்றவளைக் கண்டதில்லை!

“ஏன்? என்ரை காசு காசில்லையோ?”

“ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்கு இது உதவாது. மறைச்சு எழுதினாலும் பிறகு பிடிச்சு, காசு தர ஏலாது எண்டு சொல்லிப்போடுவினம். நீங்கள் மாசாமாசம் கட்டிப்போட்டுக் குருடாய் இருப்பியள். இஞ்சை அரசாங்க வைத்தியம் இருக்கு. ஜீபி டொக்டரிட்டைப் பதிஞ்சுபோட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையிலை கண்ணைக் காட்டுங்கோ. அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம்.”

“காசும் வேண்டாமோ?” அவர் போட்ட கூச்சலில் வெண்டிக்காய் பொறுக்கிய பெண்கள் திரும்பினார்கள். “காசில்லாமல் என்ரை கண்ணைத் தொடுறவன், அதைத் தோண்டி விக்கிறதுக்குத்தான் தொடுவான்!”

“கண்ணிலை என்ன, அண்ணை?” என்று பின்னால் சுபாஸ்கரன் கேட்டான்.

அவ்வளவுதான்... அன்றே அவர் கையிலிருந்து கத்தி போய், மரக்கறிப் பக்கம் வெங்காயம் கொட்டும் வேலை வந்தது. ஊர் முன்னால் தன்னைக் குருடனாக்கிய அவளோடு இனிப் பேச்சில்லை. அடுத்த சனிக்கிழமை விறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைக் கடந்தார். அவளென்று நினைத்து முகத்தைத் திருப்பியது அட்டை டொக்டரிடமிருந்துதான் என்பது அவருக்குத் தெரியாது. தவமலருக்குச் சிரிப்பும் வந்தது... கண்ணும் கலங்கியது.

பின்னேரம் அவளே வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உங்கடை வேலையிலை நான்தான் மண் போட்டன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டன். என்ரை மனிசனும் நீரிழிவு வருத்தத்தை எனக்குக்கூடச் சொல்லாமல் மறைச்சவர். பிறகு... மறைக்க ஆள் மிஞ்சேல்லை.” அவள் வெங்காய மூட்டையை ஒரு பக்கம் தள்ளினாள். “எழும்புங்கோ, அண்ணை. கண்ணாடிக்கடைக்கு நானும் வாறன்.”

ஏன் எழும்பினார் என்று யாக்கோப்பருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாதங்கள் போயின. கடைசியில் ஒரு கண், அடுத்த கிழமையே மற்றக் கண் என்று ஒப்பரேசன் முடிந்தது; குணமாகும்வரை கடைப்பக்கம் போகவில்லை. ஆசுப்பத்திரி வாசலில், கட்டிலில், மருந்து விடும்போது... எங்கேயாவது அட்டையைக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அந்த அதிர்ச்சிக்கு மட்டும் மருந்தில்லை.

மறுபடி ஒரு சனிக்கிழமை. மறுபடி மழை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது! கடை வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நீலம்... இப்படியும் ஒரு நீலமா?

அந்தக் காடிகனுக்கு மேலே ஒரு முகம். முன்நெற்றியில் நரை, கன்னத்தில் கோடுகள். அந்தக் கண்கள் மட்டும் அதே கண்கள்.

“கடவுளே! உம்மைப் பிள்ளை எண்டெல்லோ கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சன்... உமக்கும் என்ரை வயசு இருக்கும் போலை!”

“உங்கடை மூஞ்சையைக் கண்ணாடியிலை பாத்தனீங்களோ?”

“பாத்தனான். கண்ணாடி பிழை.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “உண்மையைச் சொல்லும். ஏன் எனக்கு விக்கேல்லை? சும்மா ஒருத்தரும் நல்லது செய்யாயினம்.”

அவள் தலை குனிந்தாள். மேசை விரிப்பின் நுனியை விரல்கள் சுருட்டின.

“அண்டைக்கு அந்த அட்டைப் படத்திட்டை எவ்வளவு பதறி மன்னிப்புக் கேட்டியள்... என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. இந்த மனிசனை ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை, அண்...”

சொல் பாதியில் நின்றது. அவள் முகம் சிவந்தது... அது கூடத் தெரிந்தது அவருக்கு!

“மிச்சத்தை விழுங்கும்,” என்றார் யாக்கோப்பர். “நான் உமக்கு அண்ணை இல்லை. எனக்குச் சனிக்கிழமைதான் கிழமையே தொடங்குது... தவமலர்.”

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கும்,” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

மேசையை மடித்தார்கள். அட்டை டொக்டரை யாக்கோப்பரே தூக்கிக் கடைச் சுவரோடு நிறுத்தினார்.

“ஆனால் ஒண்டு. காசில்லாமல் கண் திறந்துவிட்டவங்கள் எண்டால் உள்ளுக்கை ஏதோ இருக்கு. பில் வரும்.”

“வராது.”

“வரும், இருந்து பாரும்!”

“வந்தால் ரெண்டு பேருமாய்ப் பாப்பம்,” என்று தவமலர் குடையை விரித்தாள்.

சிரித்துக்கொண்டே நின்ற டொக்டரை அவர் கடைசியாக ஒருதரம் சந்தேகத்தோடு முறைத்தார். பிறகு, நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே, அவளுடைய குடைக்குள் குனிந்து நடக்கத் தொடங்கினார்.