துக்க அட்டைகள் இருந்த தகரப் பெட்டி

ஜனவரி 14, செவ்வாய். காலை 8.40.

அலமாரி பூட்டியது பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் தகரப் பெட்டி மட்டும் இல்லை. பக்கத்திலிருந்த இரண்டு மடிக்கணினிகளும் புதுக் கேமராவும் இம்மி அசையவில்லை. பதினொரு வருஷமாக அந்த அலமாரியைத் திறந்து மூடும் ஆஸ்பத்திரிச் செயலாளர் ஷிந்தோ மிட்சுகோ சாவியும் கையுமாக நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் போலீசுக்குப் போன் செய்தாள்.

9.15க்கு இன்ஸ்பெக்டர் தோகாஷி இகுயோ வந்து சேர்ந்தாள். அகிதா போலீசில் திருட்டுப் பிரிவு, வயது ஐம்பத்தொன்று, மூக்குமேல் கோபம். பூட்ஸில் ஒட்டிய பனியை உதறி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி இயக்குநர் ஓடிவந்து, குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும், இதற்கெல்லாம் போலீஸ் எதற்கு என்று குழைந்தார். இப்படிக் குழைகிறவர்களைக் கண்டாலே தோகாஷிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பெட்டியில என்ன இருந்துச்சு?" என்று ஷிந்தோவைக் கேட்டாள்.

"துக்க அட்டைங்க, மேடம்."

ஜப்பானில் சாவு விழுந்த வீட்டார், வருஷம் முடிவதற்குள் சாம்பல் கரை போட்ட அட்டையில், இந்த முறை எங்கள் வீட்டில் புத்தாண்டு இல்லை என்று எல்லாருக்கும் எழுதிவிடுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாரும் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். வயிற்றுப் புற்றுநோய்ப் பிரிவில் அந்த வழக்கத்தையே கணக்கெடுப்பாக மாற்றியிருந்தார்கள். அறுவை முடிந்து போன ஒவ்வொருவருக்கும் வருஷம் தவறாமல் வாழ்த்து போகும். இருப்பவர் பதில் போடுவார். இறந்தவர் வீட்டிலிருந்து துக்க அட்டை வரும். பதினொரு வருஷத்துத் துக்க அட்டைகள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

அதை வைத்துத்தான் துணைப் பேராசிரியர் கரியா நோபுஹிரோவின் ஆராய்ச்சி முழுவதும் நடந்தது. வெட்டியெடுத்த கட்டியில் ஏழு மரபணுக்களை அளந்து ஓர் எண் சொல்வார். எண் தாழ்வாக வந்தால் ஆள் ஐந்து வருஷத்துக்கு மேல் தாராளமாக இருப்பார், அறுவைக்குப் பிந்தைய மருந்து அவருக்குத் தேவையில்லை. பழைய நோயாளிகளில் தாழ்ந்த எண் வந்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர். பதிவேட்டின்படி அவர்களில் இறந்தது நாலே பேர். வெள்ளிக்கிழமை டோக்கியோவிலிருந்து சரிபார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அதற்கெல்லாம் காத்திராமல், போன வசந்தத்திலிருந்தே இங்கே அந்த எண்ணைச் சொல்லி மருந்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

நடைவழிப் பெஞ்சில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நராஓகா தேட்சுஜி, அறுபத்துமூன்று வயது, ஆப்பிள் தோட்டக்காரர். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. சட்டை தோளில் நிற்கவில்லை. ஆனாலும் முகத்தில் அத்தனை தெளிச்சி.

"எனக்கு நம்பர் கம்மியாம்மா. மருந்தே வேணாம்னுட்டார் கரியா டாக்டர். அடுத்த மாசம் கவாத்து இருக்கு, மரத்துல கெளை கழிக்கணும், மருந்து சாப்பிட்டா ஏணி ஏற முடியாதேன்னு பயந்து கெடந்தேன்" என்றார்.

10.30. இளம் ஆராய்ச்சியாளர் மினெகிஷி ஷோய்ச்சி.

"கரியா டாக்டரோட சண்டையாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

"வேற ஊர் ஆஸ்பத்திரி திசுக்கள்ல அதே ஏழு மரபணுவை அளந்து பார்த்தேன். நம்பர் கம்மியானவங்களும் மத்தவங்க மாதிரியேதான் செத்திருக்காங்க. எங்க கணக்குல தப்பிருக்குன்னு சொன்னேன். வாயை மூடுன்னார்."

"தப்பிருந்தா, வெளிய உக்காந்திருக்காரே தோட்டக்காரர், அவருக்கு என்ன ஆகும்?"

மினெகிஷி தரையைப் பார்த்தான். மருந்தை அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றான். பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, இரண்டாவது சாவி டாக்டர்கள் அறையில் ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தான் எடுக்கவில்லை என்றான்.

11.20. கரியா தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நயமான பேச்சு, மேஜையில் மை அரைக்கும் கல், வரிசையாகத் தூரிகைகள். பெட்டி போனால் முதல் நஷ்டம் தனக்குத்தான், வருகிறவர்கள் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள், மினெகிஷிக்குப் பொறாமை என்றார். நியாயமாகத்தான் பட்டது.

"துக்க அட்டைங்களை நீங்க பார்ப்பீங்களா?"

"கண்ணாலகூடப் பார்த்ததில்ல. தபாலெல்லாம் ஷிந்தோ அம்மா பொறுப்பு. அவங்க சொல்றதை வச்சுப் பதிவேட்டுல ஏத்துவேன், அவ்வளவுதான்."

"வாழ்த்து?"

"அது மட்டும் நானே தூரிகையில எழுதுவேன். உசுரோட இருக்கற என் நோயாளி ஒருத்தருக்குக்கூட என் வாழ்த்து போகாம இருந்ததில்ல" என்றார் பெருமையோடு.

ஷிந்தோ வேறு கதை சொன்னாள். வருகிற துக்க அட்டையை டாக்டர் மேஜையில் வைப்பாளாம். அவர் மூலையில் தன் சிவப்பு முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தபிறகுதான் பெட்டிக்குள் போடுவாளாம். வாழ்த்துகளை அவர் எழுதி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாகத் தருவார். யாருக்குப் போகிறது என்று புரட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே தபாலில் சேர்த்துவிடுவாள்.

அவள் சொல்வதா, அவர் சொல்வதா? பெட்டி இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதற்குள் இயக்குநர், கவனக்குறைவு என்று காரணம் காட்டி ஷிந்தோவை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். கேட்டதும் தோகாஷிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள்.

பதிவேட்டின்படி உயிரோடு இருப்பவர்கள் ஐம்பத்துநாலு பேர். ஐம்பத்துநாலு வீட்டுக்கும் அவளே போன் போட்டாள். செவ்வாய் பகல் முழுக்கவும் புதன் காலையும் அதற்கே போயிற்று. ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி இரண்டுதான். அவர் எப்படி இருக்கிறார்? இந்த வருஷம் டாக்டரிடமிருந்து வாழ்த்து வந்ததா, வராவிட்டால் எந்த வருஷத்திலிருந்து நின்றது? முப்பத்தேழு வீடுகளில் நோயாளியே பேசினார், இல்லாவிட்டால் தோட்டத்திலோ கடையிலோ இருந்தார். வாழ்த்து அட்டை பத்திரமாக இருந்தது. புத்தாண்டு அட்டைகளில் தபால் துறை அச்சிடும் பரிசு எண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை குலுக்கல், அதற்குமுன் யார் தூக்கிப் போடுவார்கள்?

பாக்கிப் பதினேழு வீடுகளில் மனைவியோ மகனோ மருமகளோ பேசினார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் சொன்னாள்: "அவர் போயி மூணு வருஷம் ஆச்சுங்க. அப்பவே டாக்டருக்குத் துக்க அட்டை போட்டுட்டேன். ரொம்பப் பண்பானவர். அதுக்கப்புறம் ஒரு வாழ்த்துகூட அனுப்பினதில்ல."

ரிசீவரை வைத்துவிட்டுத் தோகாஷி பதிவேட்டில் அந்தப் பெயரை அடித்தாள்; பதினேழு வீட்டிலும் இதே பதில்தான்.

புதன், பிற்பகல் 3.00. இயக்குநர் அறை.

"பதிவேட்டுல உசுரோட இருக்கறதா போட்டிருக்கறவங்கள்ல பதினேழு பேர் செத்திருக்காங்க, டாக்டர்."

கரியா இடுப்பு மடிய வணங்கி நிமிர்ந்தார். முகத்தில் வருத்தம் அளவாக இருந்தது. "ஷிந்தோ அம்மாவுக்கு வயசாயிடுச்சு. என்கிட்ட சொல்லாம விட்டிருக்காங்க. பெட்டியை ஒளிச்சதும் அதனாலதான்னு இப்பப் புரியுது. நான் பதினேழு பேரும் நல்லா இருக்காங்கன்னுதான் நெனச்சேன்."

"பதினேழு பேருமா?"

"பதினேழு பேரும்."

"அப்போ பதினேழு பேருக்கும் வாழ்த்து எழுதியிருக்கணுமே. உசுரோட இருக்கற ஒருத்தரைக்கூட விட்டதில்லன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

கரியா இயக்குநர் பக்கம் திரும்பினார்.

தோகாஷி எழுந்து நின்றாள். "முப்பத்தேழு வீட்டுல உங்க எழுத்து இருக்கு. பதினேழு வீட்டுல இல்ல. ஒன்னு கூடல, ஒன்னு குறையல, சரியா செத்தவங்க வீடுதான். அதுவும் அவங்கவங்க செத்த வருஷத்துலேர்ந்து நின்னிருக்கு. யாரும் சொல்லாம, துக்க அட்டையைக் கண்ணாலகூடப் பார்க்காம, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? உங்க சிவப்பு முத்திரை அத்தனை அட்டையிலும் இருக்கு. வெள்ளிக்கிழமை வர்றவங்க கண்ணுல அது பட்டா நீங்க தொலைஞ்சீங்க. அதான் பெட்டி காணாமப் போச்சு."

இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். பெட்டி தன் வீட்டில் இருக்கிறது, எரிக்க மனம் வரவில்லை என்று கரியா முனகினார்.

"வாழ்த்தையும் எழுதித் தொலைச்சிருந்தா நான் கண்டே பிடிச்சிருக்க மாட்டேன்" என்றாள் தோகாஷி.

"செத்த வீட்டுக்கு எப்படிங்க வாழ்த்து எழுதறது? அது மனுஷன் செய்யற காரியமா?"

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கம்ப்யூட்டர்ல பொணத்தை உசுரோட உக்கார வைக்கறது மனுஷன் செய்யற காரியமா? அந்தப் பதினேழையும் சேர்த்தா ஐம்பத்தெட்டுல இருபத்தோரு பேர் போயிருக்காங்க. நம்பர் கூடினவங்களும் அதே விகிதத்துலதான் போயிருக்காங்கன்னு மினெகிஷி கணக்குப் போட்டுச் சொல்லிட்டான். உங்க நம்பருக்கு அர்த்தமே இல்ல. அதை நம்பி எத்தனை பேருக்கு மருந்தை நிறுத்தினீங்க?"

"இருபத்துமூணு பேர்."

"பட்டியலை எடுங்க. போனை எடுங்க. நீங்களே சொல்லுங்க, நான் கேக்கணும்."

போலீஸ் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கரியா முதல் எண்ணைப் போட்டு, போனை எல்லாரும் கேட்கும்படி வைத்தார். நராஓகா தேட்சுஜி எடுத்தார். கட்டியை அளந்து சொன்ன எண் தவறு, மருந்து கட்டாயம் தேவை, நாளைக் காலையே வந்து தொடங்க வேண்டும் என்று கரியா ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அப்படீங்களா" என்றார் தோட்டக்காரர். "எனக்காக நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்களே, டாக்டர். சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. ரொம்ப நன்றிங்க."

தோகாஷி பட்டியலை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அறுவை நடந்த தேதி இருந்தது. மார்ச், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர். இருபத்துமூன்று பேரில் ஆறு வாரம் தாண்டாதவர் நராஓகா ஒருவர்தான்.

கரியா ரிசீவரை வைக்கப் போனார்.

"வைக்காதீங்க" என்றாள் தோகாஷி. "அடுத்த நம்பரைப் போடுங்க."