கீழ்வீடு

எத்தனை அரசர்கள் வந்து போனாலும் அந்த நகரம் ஒருநாளும் ஆளில்லாமல் கிடந்ததில்லை. வெள்ளத்தில் இடிந்தால் இடிபாட்டை மட்டமாக்கி அதன் மேலேயே வீடு கட்டுவார்கள். நெருப்புத் தின்றால் சாம்பலின் மேலே. அப்படி வீட்டின் தலையில் வீடு ஏறிய பழைய தெரு ஒன்றுக்குத்தான், நல்ல வெயில் நேரத்தில், கொத்தனாரும் அவர் தம்பியும் வேலைக்கு வந்தார்கள்.

சமையலறையில் தண்ணீர் இறங்காமல் நாறியது. தரையை உடைத்துப் புதுக் குழாய் பதிக்க வேண்டும். வெளுத்த முகமும் மெல்லிய குரலுமாக வீட்டுக்காரம்மா கதவோரம் நின்றுகொண்டாள்.

தம்பிக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. தூக்கத்திலும் வாய் ஓயாதவன்.

"அண்ணே, இந்த வீட்டுக்கு என்ன வயசிருக்கும்? உனக்குப் பொண்ணு தேடின காலத்தை விட ஜாஸ்தியா?"

"பேச்சைக் குறைச்சு கடப்பாரையைப் போடுடா."

தரைக்கு அடியில் இன்னொரு தரை இருந்தது. அதையும் உடைத்தார்கள். கடப்பாரை சட்டென்று ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கியது.

துளையிலிருந்து வந்தது மக்கிய மண்ணின் வாடை இல்லை. இப்போதுதான் அணைத்த அடுப்பின் புகை.

கீழே ஒரு பெண்குரல் அலுத்துக்கொண்டது.

"யாரது, எங்க கூரையை இடிக்கிறது?"

கொத்தனார் ஓர் அடி பின்வாங்கினார். தம்பி சிரித்தான். "பக்கத்து வீட்டு நிலவறையா இருக்கும். எட்டிப் பார்த்துட்டு வரேன்." துளையை அகலமாக்கி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

"அண்ணே, அடுப்பு இன்னும் சுடுது! பாய்கூட விரிச்சிருக்கு. யாரோ..."

பேச்சு நின்றது.

கயிறு துவண்டது. பிறகு மெல்ல இழுபட்டது. கொத்தனார் பதறிப்போய் இழுத்தார். உடம்பெல்லாம் மண்ணாக மேலே வந்தவன், ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சிமென்ட் குழைக்க ஆரம்பித்தான்.

"என்னடா பார்த்தே?"

பதில் கீழேயிருந்து வந்தது.

"அண்ணே! கயித்தைப் போடு! ஒருத்தன் என் சட்டையை உருவி மாட்டிக்கிட்டு மேல வந்துட்டான்!"

கொத்தனார் துளையருகே மண்டியிட்டார்.

"அம்மா... அம்மா உன்னை எப்படிடா கூப்பிடுவா?"

"சிட்டுன்னு! நான்தான் அண்ணே, சிட்டு!"

பக்கத்தில் இருந்தவன் பூச்சுக் கரண்டியை நீட்டினான்.

கொத்தனார் அதைத் தட்டிவிட்டுக் கயிற்றை வீசக் குனிந்தார். மங்கலில் தம்பியின் இரண்டு கைகள் மேலே நீண்டிருந்தன. அவனுக்குப் பின்னால் இன்னொரு முகம் நிமிர்ந்து பார்த்தது.

அது அவருடைய முகம்.

அதே நரைத்த மீசை. அதே உடைந்த பல். அவசரமே இல்லாமல் காத்திருந்தது.

"மூடிடுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா, காதருகே. "கயித்தைப் போட்டா அவன் வரமாட்டான். அதுதான் வரும். அதுக்குப் பதிலா நீங்க இறங்கணும். நான் மேல வந்த அன்னிக்கும் ஒருத்தி இப்படித்தான் கத்தினா. கொஞ்ச நேரம்தான்."

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். கொத்தனார் கயிற்றைக் கீழே வைத்தார். துளையை மூட எடுத்த கல் பலகையின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை மேலே வந்தவன் பிடித்தான்.

"அண்ணே, கண்ணுல மண்ணு விழுது... பார்த்து அண்ணே... கோபமா? இனிமே கடப்பாரை மட்டும் போடறேன், பேசவே மாட்டேன்..."

சிமென்ட் மூடியது. அதற்கு அடியிலும் அவன் பேசிக்கொண்டே இருந்தான். பூசி முடிக்கும்வரை கொத்தனார் அதைக் கேட்டுக்கொண்டே பூசினார்.

பொழுது சாய வீடு திரும்பினார்கள். வந்தவனை அம்மா உட்கார வைத்துச் சோறு போட்டாள். குனிந்த தலை நிமிராமல் தின்றான். வாசலைத் தாண்ட முடியாமல் கொத்தனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

அம்மா அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். பெரியவன் நிற்பதைக் கவனிக்காமல், ரகசியம்போலக் கேட்டாள்.

"ஏறி வர ரொம்பக் கஷ்டப்பட்டியா? நான் வந்தப்போ வழி இன்னும் குறுகலா இருந்துச்சு."