குதித்துப் பார்த்த கண்ணாடி

'இந்தக் கண்ணாடி இவருக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை.'

கடைக்குள் காலடி வைத்ததும் அவள் மனதில் எழுந்த முதல் நினைப்பு இதுதான். அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அங்கேயே நிறுத்தினாள்.

ஏனென்றால், அதைப் போட்டிருந்தவர் கடை முதலாளி. அதுவும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி! இரண்டு ஜன்னல்களைச் சேர்த்து ஒட்டியதுபோல் தடித்த கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி. நிமிடத்துக்கு ஒருமுறை அது மூக்கிலிருந்து சறுக்கியது. அவர் ஒற்றை விரலால் மேலே தள்ளினார். அது மறுபடியும் சறுக்கியது.

"பள்ளிக்கூடத்துல இருந்து வேலை பழக வந்த பொண்ணுதானே? வா, வா!" என்றார் முதலாளி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வாரம் எங்காவது வேலை பழக வேண்டும். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரிக்கு விலங்கு மருத்துவமனை கிடைத்தது. ஒரு வாரம் முழுக்க நாய்க்குட்டிகள்! இவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை.

வீட்டில் இவளுக்கு 'வெடுக்கு' என்று பெயர். நினைத்ததை வெடுக்கென்று சொல்லிவிடுவாள். போன மாதம் தோழி ஆசையாக முடி வெட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "முன்னாடி இருந்ததே தேவலை," என்றாள் வெடுக்கு. தோழி நான்கு நாள் பேசவில்லை. நான்காம் நாள் இரவு வெடுக்குக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னோம், பிறகு ஏன் நெஞ்சில் முள் மாதிரி குத்துகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

கிளம்பும்போது அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்: "அம்மா தாயே, ஒரு வாரம் வாயை மூடிட்டு இரு. வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்ட தாளோட வந்தாப் போதும்."

கையெழுத்து இல்லாவிட்டால் விடுமுறையில் இன்னொரு வாரம் போக வேண்டும். விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் வெடுக்கு வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளி ஒரு மெல்லிய துணியை அவளிடம் கொடுத்தார். "இருநூத்திப் பன்னெண்டு ஃபிரேம் இருக்கு. எல்லாத்தையும் துடைக்கணும். வர்றவங்க யாராவது 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டா, 'அருமையா இருக்கு'ன்னு சொல்லணும். அதுதான் நம்ம கடைப் பழக்கம்."

"எது போட்டாலுமா சார்?"

"எது போட்டாலும்!" என்று கண்ணாடியை மேலே தள்ளினார் முதலாளி.

முதல் நாள் முழுக்கத் துடைத்தாள். 'இன்று நான் கற்றவை' என்று பள்ளியில் கொடுத்த குறிப்பேட்டில் எழுத வேண்டும். யோசித்து யோசித்து, 'துடைத்தேன்' என்று எழுதினாள். பக்கம் பாலைவனமாகக் கிடந்தது. நாளைக்கும் இதையேவா எழுதுவது? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் துடைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. சில ஃபிரேம்களில் விரல் தடம் நிறைய இருந்தது. சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் தடம் உள்ளவற்றைத்தான் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஏன் திருப்பி வைக்கிறார்கள்?

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குனிந்து நிமிர்ந்தாள். தலையை ஆட்டினாள். இரண்டு முறை குதித்தாள்.

பின்னறையில் கண்ணாடிகளைத் தேய்த்துப் பொருத்தும் கடை அண்ணன் தலையை நீட்டினார். "என்ன பாப்பா, கடையில நிலநடுக்கமா?"

"இல்லண்ணா. எது விழுது, எது விழலைன்னு பாக்கறேன்."

"பாத்து. நீ விழுந்துடாதே."

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் நிரம்பத் தொடங்கின. 'தங்க நிறம், மேல் தட்டு: பார்க்க அழகு, மூக்கில் கல்லை வைத்ததுபோல் கனம்.' 'நீலம்: காதுக்குப் பின்னால் கிள்ளுகிறது.' 'பழுப்பு, கீழ்த் தட்டு, சிறியது: யாரும் தொடுவதில்லை. ஏழு முறை குதித்தேன். அசையவில்லை!'

புதன்கிழமை மாலை ஓர் அப்பா தன் பையனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம். முகத்தை உம்மென்று வைத்திருந்தான்.

"ஆறு மாசத்துல ரெண்டு கண்ணாடி தொலைச்சுட்டான் சார்," என்றார் அப்பா. "இது மூணாவது. பிடிச்ச மாதிரி ஒண்ணு குடுங்க. அப்பவாவது போடறானா பாப்போம்."

முதலாளி தங்க நிறக் கண்ணாடியை மாட்டிவிட்டார். "அருமை! ராஜா மாதிரி இருக்கே!"

பையன் அதைக் கழற்றி வைத்தான். நீலத்தை மாட்டிவிட்டார். "ஆகா, ராஜாவேதான்!"

மூன்றாவதையும் மாட்டிவிட்டு முதலாளி வாயைத் திறப்பதற்குள் பையன் கேட்டான்: "இப்பவும் ராஜாவா? ஒரே நாள்ல எத்தனை ராஜா?"

பின்னறையில் அண்ணன் இருமுவதுபோல் சிரித்தார். பையன் வெடுக்கைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீங்க சொல்லுங்க. இது எப்படி இருக்கு?"

முதலாளி கண்ணாலேயே 'அருமை, அருமை' என்று ஜாடை காட்டினார். வெடுக்கின் தொண்டையில் அந்தச் சொல் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஆனால் பையனின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இவளாவது உண்மையைச் சொல்ல மாட்டாளா என்று கேட்கிற கண்கள்.

"நல்லா இல்ல," என்றாள். "உன் முகத்துக்குப் பெருசு."

முதலாளியின் கண்ணாடி மூக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

பையனின் உதடு லேசாக விரிந்தது. ஆனால் வெடுக்குக்குத் தோழியின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று சொன்னதைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். இன்று விட மனம் வரவில்லை. அவன் உயரத்துக்குக் குனிந்தாள்.

"பழைய கண்ணாடி நிஜமாவே தொலைஞ்சுதா?"

பையன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவள் காதுக்குள் சொன்னான். "இல்ல. பூந்தொட்டிக்குள்ள புதைச்சிட்டேன். நான் கோல்கீப்பர். கண்ணாடி விழாம ஒரு கையால பிடிச்சுக்கணும். அப்புறம் பந்தை எப்படிப் பிடிக்கறது? போன மாட்ச்ல ஆறு கோல் விட்டுட்டேன்!"

ஆறு கோல்! இதை இவனிடம் யாரும் கேட்கவே இல்லையே.

அவள் கீழ்த் தட்டிலிருந்து அந்தப் பழுப்புக் கண்ணாடியை எடுத்தாள். துடைத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். "இப்போ குதி."

"இங்கயா?"

"இங்கதான். நானும் குதிக்கறேன்."

இருவரும் குதித்தார்கள். தட்டுகளில் இருந்த இருநூற்றுப் பதினோரு கண்ணாடிகளும் கிடுகிடுவென்று ஆடின. முதலாளி ஒரு தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பையன் இடப்பக்கம் பாய்ந்தான். வலப்பக்கம் பாய்ந்தான். இல்லாத பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்தான். கண்ணாடி அசையவில்லை.

"அப்பா, இது! இதுதான்!"

"முகம் எப்படி இருக்குன்னு கண்ணாடில பாருடா," என்றார் அப்பா.

"அதெல்லாம் எதுக்குப்பா?" என்றான் பையன்.

அண்ணன் அதில் அவன் பார்வைக்கேற்ற கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார். அவர்கள் போனபின் முதலாளி கீழே விழுந்த இரண்டு ஃபிரேம்களை எடுத்து வைத்தார். "கண்ணாடிக் கடையில குதிக்கறதாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த முணுமுணுப்பு திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்றிரவு அம்மா, "வாயை மூடிட்டுத்தானே இருந்தே?" என்று கேட்டாள்.

"முக்கால்வாசி நேரம்," என்றாள் வெடுக்கு.

வியாழக்கிழமை முதலாளி அவள் குறிப்பேட்டை வாங்கி, கடைசிப் பக்கங்களை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சற்று முன்னதாகவே வந்துவிட்டாள். கதவின் வழியே பார்த்தவளுக்குக் கண்கள் விரிந்தன. முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்னால் நின்று, முதலாளி மெதுவாக ஒரு குதி குதித்தார். அவருடைய தடித்த கறுப்புக் கண்ணாடி மூக்கைத் தாண்டி, மீசையைத் தாண்டி, கையில் வந்து விழுந்தது. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவசரமாக மாட்டிக்கொண்டார்.

வெடுக்கு பத்து எண்ணிவிட்டு, செருப்பைத் தேய்த்துச் சத்தம் செய்தபடி உள்ளே போனாள்.

மாலையில் தாளை நீட்டினாள். முதலாளி பேனாவைத் திறந்தார். முதல் எழுத்தைப் போட்டார். பிறகு நிறுத்தினார்.

"அந்தப் பையனோட அப்பா போன் பண்ணினார். நேத்து மாட்ச்ல ஒரே ஒரு கோல்தான் விட்டானாம்."

அவளுக்குள் ஏதோ இதமாகப் பரவியது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி. மிச்சக் கையெழுத்தைப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன்." முதலாளி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருபது வருஷமா இதைத்தான் போடறேன். எப்படி இருக்கு? கடைப் பழக்கப்படி, அருமையா இருக்குன்னு சொல்லு பாப்போம்."

பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. பின்னறையில் தேய்க்கும் சத்தம் நின்றது. அண்ணனின் தலை எட்டிப் பார்த்தது.

வெடுக்கு முதலாளியைப் பார்த்தாள். பாதிக் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது தட்டுக்குப் போனாள். குறிப்பேட்டில் 'ஒன்பது முறை குதித்தேன்' என்று எழுதியிருந்த சாம்பல் நிறக் கண்ணாடியை எடுத்தாள். நன்றாகத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அதை மட்டும் சொல்லச் சொல்லாதீங்க சார்," என்றாள் மெதுவாக. "இதைப் போட்டுக் குதிச்சுப் பாருங்க."